தாள் பிடிக்கும் வரைக்கும்

எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. பனியில் சறுக்கிப் போகக் காலில் மாட்டும் நீளப் பலகைகளான ஸ்கீக்கள் வாசல் பனியில் குத்தி நிற்கும், அவற்றைப் பார்த்தாலே போதும். மிக நீளமான ஜோடி அப்பாவுடையது. நீலம் அம்மாவுடையது. சிவப்பு என்னுடையது. பக்கத்தில் குச்சி மாதிரி நிற்பது ஈவாருடையது. ஈவார் என் தம்பி. வயது நாலு, வாய் மட்டும் நாற்பது.

போன பனிக்காலத்தின் கடைசியில், பாதையெல்லாம் உருகிச் சேறாகிக்கொண்டிருந்தபோது, எங்கள் அம்மா இறந்துபோனாள். ரொம்ப நாளாக நோயோடு இருந்தாள். முன்னாலேயே தெரியும் என்பதால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு சுலபமும் இல்லை.

அப்பா நீல ஸ்கீயைக் கொட்டகைக்குக் கொண்டுபோய், பழைய போர்வையால் மூடி வைத்தார். அதன் பிறகு எங்களில் யாருமே ஸ்கீயைத் தொடவில்லை.

எங்கள் பள்ளியில் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் ஸ்கீ மாற்றும் நாள் உண்டு. பிள்ளைகளுக்குக் கால் வளரும், ஸ்கீ வளராது இல்லையா? அதனால் பத்தாமல் போனதைக் கொடுத்துவிட்டு, வேறு யாருக்கோ பத்தாமல் போனதை எடுத்துக்கொள்வோம். அந்த மேசையை நடத்தியது அம்மாதான். "ஆளில்லாத ஸ்கீய வீட்ல தூங்க விடக்கூடாது" என்பது அவளுடைய சட்டம்.

இந்த வருடம் அப்பாவை நடத்தித் தரச் சொல்லிக் கேட்டார்கள். அவரும் சரி என்றுவிட்டார். எந்தத் தைரியத்தில் சொன்னாரோ தெரியாது. அப்பா கடற்கரை நகரத்துக்காரர். அங்கே பனி வராது, மழைதான் வரும். முப்பது வயதில் வேலைக்காக எங்கள் ஊருக்கு வந்து, முதல் நாளே ஸ்கீ மாட்டி, முதல் வளைவிலேயே விழுந்து, எழுந்திருக்கத் தெரியாமல் கிடந்திருக்கிறார். அந்த வழியாக வந்த ஒரு பெண் நின்று, "என்ன, இங்கயே தூங்கப் போறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்தான் எங்கள் அம்மா.

மாற்றும் நாளுக்கு முந்தின சாயங்காலம் அப்பா நீல ஸ்கீயைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

"சிக்னே, இதையும் நாளைக்குக் கொண்டுபோகலாம்னு பாக்கறேன்."

"எதுக்கு?"

"உங்கம்மாவே சொல்லுவாளே. ஆளில்லாத ஸ்கீன்னு."

"ஆள் இருக்கு. நான் இருக்கேன்."

"நீ இன்னும் அவ உயரத்துக்கு வரலயே, கண்ணு."

"உயரத்தையா பாப்பாங்க? தாள் வெச்சுப் பாக்கணும்ப்பா. இவ்ளோ வருஷமாகியும் இதுகூடத் தெரியலயே உங்களுக்கு."

ஸ்கீ நடுவில் வில் மாதிரி மேலே வளைந்திருக்கும். அந்த வளைவின் அடியில்தான் பிடிப்பு மெழுகு தேய்ப்போம். ஒற்றைக் காலில் முழு எடையையும் வைத்து மிதித்தால் வளைவு அமுங்கி, மெழுகு பனியைப் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் மேடு ஏற முடியும். எடை போதாவிட்டால் மெழுகு பனியைத் தொடாது. ஆள் பின்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு வந்துவிடுவார். அதனால் தரையில் ஸ்கீயை வைத்து, அடியில் ஒரு தாளை விட்டு, மேலே ஏறி நின்று பார்ப்போம். தாள் இறுகினால் ஸ்கீ உங்களுடையது.

நான் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போட்டு அம்மாவின் பூட்ஸுக்குள் காலை நுழைத்தேன். ஸ்கீயில் மாட்டி ஒற்றைக் காலில் நின்றேன். அப்பா மண்டியிட்டுத் தாளை இழுத்தார்.

சரேலென்று வந்துவிட்டது.

"இன்னொரு தடவ" என்றேன். பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, எவ்வளவு கனமாக நிற்க முடியுமோ அவ்வளவு கனமாக நின்றேன். அப்போதும் பாதித் தாள் வழுக்கி வந்துவிட்டது, அப்பா அதோடு இழுப்பதை விட்டுவிட்டார். தாள் விஷயத்தை நான்தான் வாயைக் கொடுத்துச் சொன்னேன். என் வாயே எனக்கு எதிரி.

"இன்னும் சில வருஷம் ஆகும், சிக்னே."

"அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

"என்னால அதப் பாத்துட்டே இருக்க முடியலம்மா" என்றார் அப்பா. அவர் குரல் உடைந்திருந்தது.

பெரியவர்கள் அழப்போனால் ஈவாருக்குப் பிடிக்காது. உடனே ஏதாவது சேட்டை பண்ணுவான். அன்றும் சோபாவிலிருந்து தாவி என் முதுகில் தொற்றிக்கொண்டான்.

"யான கிளம்பு" என்றான்.

"இறங்குடா, விழப்போறேன்." நான் அப்பாவின் தோளில் விரலை ஊன்றித் தடுமாறினேன். அப்பா தாளை எடுக்கப் பார்த்தார். அது வரவில்லை. மறுபடி இழுத்தார். பாதி கிழிந்து கையோடு வந்தது. மீதிப் பாதி ஸ்கீயின் அடியிலேயே இருந்தது.

அப்பா கிழிந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிச்சிருச்சா?" என்றான் ஈவார் முதுகிலிருந்து.

"பிடிச்சிருச்சு."

"அப்ப நானும் சிக்னேயும் சேந்தா அம்மாவா?"

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். ஈவார் மட்டும் யானை ஏன் நகரவில்லை என்று என் காதைத் திருகினான்.

"சரி" என்றார் அப்பா, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "உனக்குத்தான். வெச்சுக்கோ. இனி யாருக்கும் குடுக்கல."

ஸ்கீயைத் திரும்பக் கொட்டகையில் போர்வைக்கு அடியில் வைத்துவிட்டு, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே தூங்கப் போனேன்.

மறுநாள் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் வாஃபிள் வாசனையும் ஈரக் காலுறை வாசனையும் மெழுகு வாசனையும் சேர்ந்து அடித்தன. மேசைக்குப் பின்னால் நின்ற அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வரிசை கதவுவரை நீண்டிருந்தது. ஆளை ஏற இறங்கப் பார்ப்பது, உயரத்துக்கு ஒரு ஜோடியை உருவிக் கொடுப்பது, அடுத்தவரைக் கூப்பிடுவது என்று தள்ளிக்கொண்டிருந்தார்.

வரிசையில் யோதித் வந்தார். எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவர் அவர்தான். ஆப்பிரிக்காவின் எரித்திரியாவில் பிறந்த பெண்மணி. எவ்வளவு பனி கொட்டினாலும் பேருந்தைத் தாமதமாகக் கொண்டுவந்ததே இல்லை. அவர் மகள் சாரோன், ஈவார் படிக்கும் மழலைப் பள்ளியில் படிக்கிறாள்.

"உங்களுக்கா சாரோனுக்கா?" என்றார் அப்பா.

"எனக்குத்தான். சாரோன் எப்பவோ கத்துக்கிட்டா. போன வருஷம் ஸ்கீ நாள்ல எல்லா அம்மா அப்பாவும் பிள்ளைங்களோட மேல போயிட்டாங்க. நான் மட்டும் கீழ நின்னு எல்லாருக்கும் சாசேஜ் சுட்டேன். இந்த வருஷமும் சுட்டா அவ என்ன அம்மான்னு கூப்பிட மாட்டா. சாசேஜ்காரின்னுதான் கூப்பிடுவா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா அவர் உயரத்தைப் பார்த்து ஒரு நீளமான ஜோடியை எடுத்துக் கொடுத்தார். யோதித் உயரம்தான். ஆனால் அம்மா மாதிரியே ஒல்லி. எனக்குப் பொறுக்கவில்லை. மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"ஒத்தக் கால்ல நில்லுங்க."

நின்றார். தாள் சரேலென்று வந்தது.

"நல்லா வழுக்குதே" என்றார் யோதித் சந்தோஷமாக. "ஸ்கீன்னா வழுக்கத்தானே வேணும்?"

"முன்னால போகத்தான் வழுக்கணும். இதுல நீங்க பின்னாலயே வந்துட்டிருப்பீங்க. ஒரே நாள்ல வெறுத்துப்போயிடும்."

பெரியவர்களுக்கானது கொஞ்சம்தான் இருந்தது. எல்லாவற்றிலும் அவரை ஏற்றிப் பார்த்தேன். ஒன்றுமே சரிவரவில்லை. ஒன்று இரும்பு மாதிரி விறைப்பு. இன்னொன்று தொட்டாலே படுத்துவிட்டது.

"விடு சிக்னே. நாப்பது தாண்டியாச்சு, இனிமே என்ன அவசரம். எனக்கு சாசேஜ் நல்லாவே சுட வரும்" என்றார் யோதித். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கையில் இருந்த ஜோடியை உடனே கீழே வைக்கவில்லை. அதன் நுனியைக் கொஞ்சநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

நான் தலையைத் தூக்கினேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் சட்டென்று குனிந்து எதையோ தேடுவது போல இருந்தார். நீல ஸ்கீயைக் கேட்டிருந்தால் முடியாது என்று கத்தியிருப்பேன்.

கூடத்தை விட்டு வெளியே ஓடினேன். எங்கள் வீடு பள்ளிக்குப் பின்னால்தான் இருக்கிறது. கொட்டகைக்குள் போய்ப் போர்வையை விலக்கி, நீல ஸ்கீயை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அடிப்பக்கத்தில் அம்மா கடைசியாகத் தேய்த்த மெழுகு அப்படியே இருந்தது. ஓரத்தில் அவள் கட்டைவிரல் அழுந்திய தடம்கூட இருந்தது.

எனக்கு யோதித் மேல் கோபம் கோபமாக வந்தது. ஊரில் இத்தனை பேர் இருக்க, இவர் ஏன் அம்மா எடையில் இருக்க வேண்டும்? சாசேஜ் சுட்டால் என்ன குறைந்துவிடும்? அப்படியே கொஞ்சநேரம் திட்டினேன். திட்டித் தீர்ந்த பிறகும் அவர் அந்த நுனியைத் தடவிய விரல்கள்தான் நினைவில் நின்றன. ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன்.

கூடத்தில் யோதித் நீல ஸ்கீயில் ஏறி நின்றார். நான் தாளை இழுத்தேன். கொஞ்சமாவது வழுக்காதா என்று ஆசையாகத்தான் இழுத்தேன். தாள் அசையவே இல்லை.

"இது யாரோடது, சிக்னே?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

"அம்மாவோடது. சும்மா குடுக்கல. இரவல்தான். எனக்குத் தாள் பிடிக்கிற வரைக்கும் நீங்க வெச்சுக்கோங்க."

"எப்பப் பிடிக்கும்?"

"தெரியல. இன்னும் ஒரு ஈவார் அளவுக்கு எனக்கு எடை ஏறணும்."

"என்னத் தின்னுடாத" என்றான் ஈவார், வாய் நிறைய வாஃபிளோடு.

யோதித் என்னைக் கட்டிக்கொண்டார். அப்பா மேசைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுத்தவரைக் கூப்பிட்டார். அந்த அடுத்தவருக்குத் தாள் வைத்துப் பார்த்தார்.

முதல் பனி விழுந்த வாரமே யோதித் நீல ஸ்கீயோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா பழைய மெழுகைச் சுரண்டக் கத்தியை எடுத்தார்.

"சுரண்டாதீங்க" என்றேன்.

"இது கடுங்குளிருக்கானதுன்னு நீதானே சொன்ன. இன்னிக்கு அவ்ளோ குளிர் இல்லயே."

"அதுமேலயே ஊதா மெழுகு தேய்க்கலாம். கெட்டி மெழுகுக்கு மேல இளகின மெழுகு உக்காரும்."

நானே தேய்த்தேன். அம்மாவின் கட்டைவிரல் தடம் அடியில் பத்திரமாக இருந்தது.

ஊர்ப் பாதையில் யோதித் விழுந்ததைச் சொல்லி மாளாது. முன்னால் விழுந்தார், பக்கவாட்டில் விழுந்தார், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டும் விழுந்தார். "ஒத்தக் கால்ல எடையப் போடுங்க. முழுசா நம்பிப் போடுங்க" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அம்மா என்னிடம் சொன்ன வார்த்தைதான்.

ஈவார் அப்பா இழுத்துவந்த பனிவண்டியில் கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தான். ஸ்கீ மாட்டமாட்டேன் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டான்.

மேடு வந்தது. யோதித் ஒற்றைக் காலை அழுத்தினார். வழுக்கவில்லை. அடுத்த காலை அழுத்தினார். அதுவும் பிடித்தது. மெதுவாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, அவர் மேலே ஏறினார்.

"அம்மா ஸ்கீ ஏறுது" என்றான் ஈவார்.

நீல நிறம் மரங்களுக்கு நடுவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கம்பளியை உதறினான். "என்னோடது எங்க?"

அப்பா வண்டியின் அடியிலிருந்து அவனுடைய குட்டி ஜோடியை எடுத்தார். அவனுக்குத் தெரியாமல் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார்.

அதற்குள் யோதித் மேட்டிலிருந்து இறங்க ஆரம்பித்துவிட்டார். கை இரண்டையும் விரித்தபடி வந்து, எங்கள் முன்னால் தடாலென்று விழுந்து, எழுந்திருக்காமல் கிடந்தார்.

"என்ன, இங்கயே தூங்கப் போறீங்களா?" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்துவிட்டது. ஈவாரின் காலை மாட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் நீர். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். பிறகுதான் அழுதார்.

வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா வாஃபிள் சுட உள்ளே போனார். யோதித்தும் கூடப் போனார். ஈவார் மட்டும் வாசலிலேயே நின்றான். அப்பாவின் ஸ்கீ, நீலம், சிவப்பு, குட்டி ஜோடி என்று நான்கும் பனியில் குத்தி நின்றன. எனக்கும் ஒரு நிமிடம் உள்ளே போகக் கால் வரவில்லை.

"நீலம் நிக்குது" என்றான். "ஆனா உள்ள இருக்கிறது யோதித்துதானே?"

"ஆமா."

"அம்மா இல்ல."

"இல்லடா."

அவன் பக்கத்தில் போய், தன் கையுறையால் நீல ஸ்கீயில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டான். எட்டின உயரம் வரைக்கும் சுத்தமாகத் தட்டினான். மேலே இருந்ததை நான் தட்டினேன்.

"வாஃபிள் தீந்திருக்குமா?" என்றான்.

தீரவில்லை. எங்கள் இருவருக்கும் அப்பா சூடாக எடுத்து வைத்திருந்தார்.