கரி போட்டவரின் கல்வெட்டு

கனடாவிலிருந்து வந்திறங்கிய செல்வநாயகம், வல்வெட்டித்துறை வீட்டுப் படியேறும்போதே மூக்கைச் சுளித்தார். தகப்பனின் முப்பத்தோராம் நாளுக்கென்று அச்சடித்த கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகக் கட்டைத் தங்கை கமலாவதியின் கையில் திணித்தார். செத்தவரின் பெருமையைப் பளபளக்கும் தாளில் அடித்து ஊருக்குக் கொடுக்காவிட்டால் மானம் கப்பலேறிவிடுமே!

கமலாவதி வாசித்துவிட்டுத் திடுக்கிட்டாள்.

"என்னண்ணை, ஐயாவைக் கப்டன் எண்டு போட்டிருக்கிறியள்? உலக யுத்தத்திலை அரிசி ஏத்தின நீராவிக் கப்பலிலை அவர் கரியெல்லோ போட்டவர்!"

"அப்பிடிப் போட்டால் என்ரை சம்பந்தி வீட்டார் சிரிப்பினம்."

"சரி, அவரோடை கரி போட்ட அந்த நாலு பேருக்காவது எள்ளுந் தண்ணியும் இறையுங்கோ. குண்டு பட்டுத் தண்ணி ஏறேக்கை, கப்பலைக் காப்பாத்த, அதுகளை உள்ளுக்கை விட்டு இரும்புக் கதவை மூடினது ஐயாதானே. அதுகளுக்கு இறைக்காட்டித் தனக்கும் விடுதலை இல்லையெண்டு சாகேக்கையும் சொன்னவர்."

"விசர்க்கதை கதையாதை. கரி அள்ளினதுகளுக்கு நான் உரித்துக்காரனோ?"

நல்ல மனிசன்! தன்னைப் பெற்றவரும் கரி அள்ளியவர்தான் என்பது அவருக்கு வசதியாக மறந்துபோனது.

மத்தியானம் கமலாவதி கடைக்குப் போய்விட்டாள். தகப்பனின் அறைக் கட்டிலில் செல்வநாயகம் சாய்ந்தார். எங்கிருந்தோ கரிப்புகை மணத்தது. எரிச்சலோடு யன்னலைத் திறந்தார். கடற்காற்று வந்தது. மணம் போகவில்லை.

நிலத்துக்கு அடியில் இரும்பில் இரும்பு தட்டியது.

"சனியன் பிடிச்ச எலியள்," என்றார்.

ஓர் இருமல் கேட்டது.

எலி இருமாது.

"தம்பி... கதவைத் திற."

அவர் இரண்டடி பின்வாங்கினார். ஆனாலும் திமிர் விடுமா? "போங்கோடா, கூலியள்!" என்று நிலத்தை உதைத்தார். தட்டல் நின்றது. தான் வென்றுவிட்டதாகவே அந்தப் பெரிய மனிதர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, கீரிமலைக் கடற்கரை. சடங்கை முடிக்கும் தறுவாயில் குருக்கள் கேட்டார்.

"வேறை ஆருக்கும் இறைக்கவேணுமோ?"

கமலாவதி கண்ணால் கெஞ்சினாள்.

"ஒருத்தருமில்லை," என்றார் செல்வநாயகம்.

தகப்பனின் பிண்டத்தைக் கடலில் விட்டு முழுகினார்.

தண்ணீர் சுட்டது.

பதறி எழுந்து கரையைப் பார்த்தார். குருக்கள் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கமலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தட்டல் அவர்களுக்குக் கேட்கவில்லை. அவருடைய காலடியில், கடலுக்குள்ளே, யாரோ இரும்பைக் கைகளால் அறைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் ஒரு குரலை அவருக்குப் பிறந்த நாளிலிருந்தே தெரியும்.

"தம்பி, இப்ப நாங்கள் அஞ்சு பேரடா. திறவன்."