முழங்கை அசைந்தால் முன்னால் வரவேண்டும்

மலையிறக்கத்தின் கடைசி வளைவில் ஃபெர்மின் மிதிப்பதை நிறுத்தியதும் சைக்கிளின் பின்சக்கரம் வழக்கம்போல் கிட்கிட்கிட்டென்று பேச ஆரம்பித்தது. சமவெளி வந்து அவன் மறுபடி மிதிக்கத் தொடங்கிய பிறகும் அது வாயை மூடவில்லை.

மிதித்தால் அந்தச் சத்தம் நிற்கவேண்டும். சைக்கிள் பழகுகிற பொடிசுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. ஃபெர்மின் குனிந்து சங்கிலியைப் பார்த்தான், பல்சக்கரத்தைப் பார்த்தான், எல்லாம் ஒழுங்காகத்தான் சுற்றியது. திரும்பிப் பார்த்தான். மலைச்சாலை வெள்ளை வெயிலில் காலியாகக் கிடந்தது. பிறகுதான் சத்தம் நின்றது, யாரோ தாமதமாக நினைவு வந்து மிதிக்கத் தொடங்கியதுபோல.

"எண்ணெய் போட்டு ரொம்ப நாளாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவன் ரொட்டி சுடுகிறவன். ஊர் எழும்புமுன் அடுப்பு மூட்டி, மதியத்துக்குள் விற்றுத் தீர்த்துவிடுவான். சாப்பாட்டுக்குப் பிறகு சுற்றுவட்டாரம் முழுவதும் சன்னல் திரையை இறக்கிவிட்டுத் தூங்கும் அந்த வேளைதான் அவனுக்குச் சொந்தமான வேளை. நாய்கூட எழுந்து குரைக்காது. இன்று இன்னொரு காரணமும் இருந்தது. சரகோசா நகரத்தில் படிக்கிற மகள் ஹிமெனா விடுமுறைக்கு வந்திருந்தாள். வால்தெகார்தோ ஊர் நீரூற்றடியில் அவள் தன் சைக்கிளோடு காத்திருப்பாள், அங்கிருந்து இருவருமாகச் சேர்ந்து வீடு திரும்புவதாகப் பேச்சு. அவள் அம்மா இறந்துபோன பிறகு அவனுக்கு மிச்சமிருந்தது அந்தப் பெண் ஒருத்திதான். அவளோடு ஒரு மாலை ஓட்டுவதற்காக எத்தனை மலை வேண்டுமானாலும் ஏறுவான்.

வழியில் வில்யாசேகாவில் தண்ணீர் பிடிக்க நின்றான். மதுக்கடை பெனிக்னா கொட்டாவி விட்டபடி வாசல் திரையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"ரொட்டிக்காரா, இந்த வெயில்ல எவனாவது மலையேறுவானா? மூளைய அடுப்புல வெச்சுட்டு வந்துட்டியா?"

"தண்ணி குடு பெனிக்னா. திட்டுறத அப்புறமா திட்டு."

அவள் குடுவையை நிரப்பிக் கொடுத்தாள். பிறகு அவன் தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தாள். "உன் கூட்டாளிக்கு வேண்டாமாக்கும்?"

"எந்தக் கூட்டாளி?"

"மாடியிலேருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். இறக்கம் முழுக்க உன் முதுகுல அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு வந்தான். நீ காத்தைக் கிழிக்க, அவன் நோகாம வர்றான். நல்ல சக்கரநக்கி!" அவள் சிரித்தாள். "ஏன்டா, முழங்கைய ஆட்டி அவன முன்னால விடுறதுதானே? மாறி மாறி இழுக்கிறதுதானே உங்க வழக்கம்?"

வழக்கம் அதுதான். முன்னால் ஓட்டுகிறவன் காற்றைத் தாங்குவான், பின்னால் ஒட்டி வருகிறவனுக்குப் பாதி உழைப்பு போதும். முன்னவன் களைத்தால் முழங்கையை லேசாக வெளியே அசைப்பான். வாய் திறக்கவேண்டியதில்லை. பின்னவன் மறுபேச்சில்லாமல் முன்னால் வந்து தன் முறையைத் தாங்கவேண்டும். முப்பது வருடமாக ஃபெர்மினின் முழங்கைக்கு அது மனப்பாடம்.

"நான் தனியாத்தான் வந்தேன்" என்றான்.

"வெயில் யாருக்கு ஏறியிருக்கு, எனக்கா உனக்கா?" என்று பெனிக்னா திரையை முழுக்க இறக்கிவிட்டாள். உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்டது. தெருவில் வேறு சத்தமே இல்லை.

ஊரைத் தாண்டியதும் அறுவடை முடிந்த பார்லி வயல்கள் தொடங்கின. அறுத்த தாள்கள் வெயிலில் வெடிக்கும் மெல்லிய சத்தமும், சூடான தாரின் வாடையும், எதிர்காற்று கொண்டுவந்து முகத்தில் அப்பிய தூசியும் அவனுக்குப் பழகியவைதான். பழகாத வாடை ஒன்று அவற்றினூடே பின்பக்கத்திலிருந்து வந்தது. மழையில் நனைந்து உலராத கம்பளி. கூடவே துரு. இந்தப் பக்கம் மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது. அவன் இடப்பக்கம் பார்த்தான். தாள்களின் மேல் அவனுடைய நிழல் கூடவே ஓடி வந்தது, குனிந்த முதுகு, கைப்பிடி, இரண்டு சக்கரங்கள்.

இரண்டல்ல. மூன்று.

பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு சக்கரத்தின் நிழல். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை, ஆளும் இல்லை.

ஃபெர்மின் கியரை மாற்றினான். அவன் விழுந்தடித்து மிதித்தான். மூன்றாவது சக்கரம் ஒரு சாண் தள்ளியே வந்தது. சட்டென்று பிரேக் பிடித்தான். இடிக்கவில்லை, விலகவுமில்லை, அதே ஒரு சாண். இறங்கி ஓடிவிடலாம் என்று குதிகாலைத் திருப்பினான். காலணியின் அடிக்கட்டை பெடலில் பூட்டிக்கொள்ளும், குதிகாலைத் திருப்பினால் பட்டென்று கழன்றுவிடும். தூக்கத்தில்கூடச் செய்துவிடுகிற வேலை. கழலவில்லை. மற்றக் காலும் கழலவில்லை.

ஹிமெனா. முதலில் வந்த நினைப்பு அவள்தான். இந்தச் சாலை நேராக அவளிடம் போகிறது. இதை அவளிடம் கூட்டிப்போகக் கூடாது.

போன் முதுகுப் பையில் இருந்தது. 'வீட்டுக்குப் போயிடும்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு கையைப் பின்னால் விட்டுத் துழாவினான். துணி. பையின் ஓரம். பிறகு விரல்கள்.

ஈரமான விரல்கள். அவன் விரல்களுக்காகக் காத்திருந்தவை.

கையை இழுத்துக்கொண்டான். கத்தினானா என்பது அவனுக்கே தெரியாது. எதிர்காற்று சத்தத்தை வாய்க்குள்ளேயே திணித்தது. முன்னால் சின்ன மாதா கோயில், அதையொட்டி ஒரு மண்பாதை வயல்களுக்குள் பிரியும். அதில் திரும்பிவிட்டால் வால்தெகார்தோ தள்ளிப்போய்விடும். இது எங்கே இழுத்துப்போனாலும் சரி, தான் மட்டும் போகலாம். கோயில் வரை. அவ்வளவுதான். தொடை எரிந்தது. காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. முதுகில் சில்லென்ற மூச்சு. கோயில் வரை. கண் இருட்டியது. நாக்கு ஒட்டியது. இன்னும் கொஞ்சம்.

அப்போது அது நடந்தது. அவன் நினைக்கவில்லை. களைத்தபோதெல்லாம் முப்பது வருடம் செய்ததை உடம்பு தானாகச் செய்தது.

முழங்கை அசைந்தது.

கம்பளி வாடை வலப்பக்கமாகக் கடந்தது. பழைய பாணிச் சட்டை போட்ட ஒரு முதுகு அவனுக்கு முன்னால் வந்து அமர்ந்தது. காற்று நின்றது. வியர்வை நின்றது. தாகம் நின்றது. ஃபெர்மின் இடப்பக்கம் குனிந்து பார்த்தான். தாள்களின் மேல் முன்னவனுடைய நிழல் ஓடியது. அவனுடைய நிழல் இல்லை, முன்சக்கரத்தைத் தவிர.

கோயிலடியில் முன்னவன் நின்றான். பட், பட் என்று இரண்டு காலும் கழன்றன. சைக்கிளோடு சரிந்து விழுந்து, சூடான தாரில் கன்னத்தை வைத்து அழுதான். ஒடிசலான இளைஞன், இருபது இருபத்திரண்டு இருக்கும். எழுந்து ஃபெர்மின் இருந்த பக்கம் பார்த்தான், ஆனால் ஃபெர்மினைப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிடுங்க" என்றான். "நீங்க முழங்கைய ஆட்டினப்போ முன்னால வராம இருந்திருக்கலாம். என்னால முடியல."

காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு தாள்களுக்குள் நடந்தான். சைக்கிளைத் தொடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அவன் சைக்கிளை விட்டதும் ஃபெர்மினின் சக்கரம் தானாக உருளத் தொடங்கியது, வால்தெகார்தோ பக்கமாக. தூங்கும் அந்த வட்டாரத்தில் சாலையில் ஒட்டிக்கொள்ள இன்னும் மிச்சமிருந்தது ஒரே ஒரு சைக்கிள்தான், ஹிமெனாவுடையது.

நீரூற்றடியில் ஹிமெனா கையில் போனை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இரண்டு தடவை காதில் வைத்துப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு அப்பாவைத் தேடி, அவன் வரவேண்டிய சாலையில் எதிராகக் கிளம்பினாள். அவன் அவள் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போய் ஒட்டிக்கொண்டான்.

'திரும்பிப் பார்க்காதே. இறங்கு. சைக்கிளைப் போட்டுட்டு ஓடு.' தொண்டை கிழியக் கத்தினான். வெளியே வந்ததெல்லாம் கிட்கிட்கிட்.

ஹிமெனா மிதிப்பதை நிறுத்திக் காதுகொடுத்துக் கேட்டாள். மறுபடி மிதித்தாள். மறுபடி கேட்டாள். அவள் தோள்கள் தளர்ந்தன. அவள் சிரிப்பது முதுகிலிருந்தே தெரிந்தது.

"அப்பா! சத்தமில்லாம வந்து ஒட்டிக்கிட்டியா? நான் பயந்தே போயிட்டேன் தெரியுமா!" திரும்பாமலே பேசினாள். அவள் சின்ன வயதில் அவர்கள் விளையாடிய விளையாட்டு அது, திரும்பினால் தோற்றுவிடுவாள். "நோகாம வந்தது போதும் சக்கரநக்கி. காத்து திசை மாறிடுச்சு, எதிர்காத்துப்பா. வந்து இழு."

வேண்டாம்மா. வேண்டாம்.

அவள் முழங்கை அசைந்தது.

போகக் கூடாது. அவன் கைப்பிடியை இறுக்கினான். பல்லைக் கடித்தான். நிழலில்லாத, தாகமில்லாத, குரலில்லாத அந்த இடத்தில் இன்னும் ஒரு நொடி. எத்தனை வருடம்? அந்த இளைஞன் எத்தனை வருடம் அங்கே இருந்தான்? கால்கள் மிதித்தன. தாமாக மிதித்தனவா, அவன்தான் மிதித்தானா?

காற்று முகத்தில் அறைந்தது. வியர்வை கண்ணில் எரிந்தது. தாகம். அவன் திரும்பினான். சாலை காலி.

குதிகாலைத் திருப்பிப் பார்த்தான். லேசாகக் கழன்றது. இறங்கி நடந்துவிடலாம். அவன் காலை மறுபடி பெடலில் அழுத்திப் பூட்டினான். இறங்கினால் இவள் யார் பின்னால் போவாள்?

முழங்கையை அசைத்தான். "வாம்மா. அப்பா களைச்சுட்டேன். முன்னால வா."

கிட்கிட்கிட்.

"ஹிமெனா. கெஞ்சிக் கேக்குறேன். வாடா கண்ணு."

மறுபடி அசைத்தான். மறுபடி. வயல்களுக்கு அப்பால் சன்னல் திரைகள் ஒவ்வொன்றாக ஏறின. ஊர் விழித்துக்கொண்டது. வெயில் சாய்ந்தது, நிழல் தாள்களின் மேல் நீண்டது. அதில் மூன்று சக்கரங்கள். மூன்றாவது சக்கரம் ஒரு சாண் தள்ளியே வந்தது. அது முன்னால் வரவில்லை.