பத்தொன்பது டிகிரி

பனிக்குடியில் எல்லோரையும் போலவே, நிறைமதியும் காலை எழுந்ததும் அன்றைய வெப்பத்தைப் பங்கிட உட்கார்ந்தாள்.

செவ்வாயின் வடமுனையை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் குளிர்காலம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும்; வந்தால் ஐந்து மாதம். ஐந்து மாதமும் ஆளுக்கு இவ்வளவு என்று வெப்பம் அளந்துதான் தரப்படும். ஒவ்வொருவர் தோளிலும் பயறளவில் ஒரு 'தோள்மணி' பதித்திருந்தார்கள். அது போகும் இடத்துச் சுவர்க்குழாய்களில் மட்டும் வெந்நீர் ஓடும். ஆள் நகர்ந்தால் அறை உறையத் தொடங்கிவிடும். குளிக்க எவ்வளவு, சமைக்க எவ்வளவு, போர்வைக்கு எவ்வளவு என்று பல் துலக்கும்போதே பிரித்துவைப்பது அங்கே பழகிப்போன வேலை.

நிறைமதி வெந்நீரில் குளித்து ஒரு மாதமாகியிருந்தது. அந்தப் பங்கு ஒரு சிலந்திக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதன் பெயர் மிளகு. டாரன்டுலா இனம். உள்ளங்கை அகலத்தில் கறுப்பு உடம்பு, முழங்கால்களில் மட்டும் செம்பட்டை ரோமம். மகள் இசைவாணி பதினோரு வயதில் உயிரியல் கூடத்திலிருந்து குஞ்சாக வாங்கிவந்து வளர்த்தது. தோள்மணி இல்லாத உயிர் என்பதால் அதற்கு வெப்பப் பங்கு கிடையாது. ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முன் இசைவாணி பூமிக்கு, கடலியல் படிக்கத் தூத்துக்குடிக்குப் போனாள். புறப்படும்போது கண்ணாடிப் பெட்டியை அம்மாவின் கையில் கொடுத்து என்னென்னவோ சொன்னாள். சிலந்தியைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நிறைமதியின் காதில் கடைசி வரி மட்டும் விழுந்தது.

"இருபதுக்குக் கீழ போச்சுன்னா நான் சொல்லிடுவேம்மா."

முதல் சில மாதங்கள் மகளிடமிருந்து நீள நீளமாகச் செய்திகள் வந்தன. கடலில் கால் நனைத்தது, மழையில் மாட்டிக்கொண்டது, விடுதிச் சாப்பாடு. பிறகு அவை மெலிந்தன. ஒரு வருடமாகப் பொங்கல் வாழ்த்து தவிர எதுவும் இல்லை. "படிப்பு ஜாஸ்தி" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தாள் நிறைமதி. மகள் விட்டுப்போனவற்றில் மூச்சுவிடுவது அந்தச் சிலந்தி ஒன்றுதான். அருவருப்பு எப்போது போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

மகள் போனபின் வந்த முதல் குளிர் தொடங்கியதும் அவள் சூட்டுப்பாயைப் பெட்டிக்கு அடியில் விரித்தாள். மூன்றாம் நாள் மிளகு மண்ணைத் தோண்டிக்கொண்டு போய்ச் சுடுகிற அடித்தளத்தில் ஒட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பரக்கத்துல்லா, குடியிருப்பின் ஆடு கோழிகளுக்கு வைத்தியர், வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன மதி இது? காட்டுல இதுக்குச் சூடு மேலேர்ந்துதான் வரும். தாங்கலன்னா மண்ணத் தோண்டி உள்ள போகும். நீ அடியிலயே அடுப்பு வச்சா அது எங்க போய்ப் பொழைக்கும்?"

பாயை எடுத்துப் பக்கச் சுவரின் வெளியே ஒட்டினார். சூடு மீறாமலிருக்க ஒரு தெர்மோஸ்டாட் மாட்டினார். "ஒரு மூலை சூடா இருக்கட்டும், இன்னொண்ணு ஆறியே கெடக்கட்டும். வேணுங்கற எடத்துல அதுவே போய் உக்காந்துக்கும். தண்ணிக் கிண்ணம் மட்டும் காயவிடாத" என்றார்.

ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு புழுதிப்புயல் வந்து, தெற்கே வெயில்படும் நிலத்தில் விரித்திருந்த சூரியத் தகடுகளை மூடியது. வெப்பப் பங்கு பாதியாயிற்று. ஒரு மத்தியானம் பெட்டியின் வெப்பமானி பத்தொன்பதைத் தொட்டதும் வீட்டு ஒலிபெருக்கியில் இசைவாணியின் குரல் கேட்டது.

"அம்மா, மிளகு பெட்டி குளிருது பாரு. பாய் ஓடுதான்னு பாத்துடு. நீ சாப்பிட்டியா?"

நிறைமதி கையிலிருந்த தட்டை அப்படியே வைத்தாள். அடுப்புக்கான பங்கையும் பெட்டிக்குத் திருப்பினாள். அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீரில் நனைத்த அவலைத் தின்றுகொண்டு, 'நீ சாப்பிட்டியா' என்ற இரண்டு சொல்லையும் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

புயல் ஓய்ந்தது. பங்கு பழையபடி வந்தது. பெட்டி இருபத்து நான்கில் நின்றது. குரல் வரவில்லை.

பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் தானே போய்ப் பாயை அணைத்தாள். பத்தொன்பது. "அம்மா, மறுபடி குளிருதே. நீ வேலைக்குப் போயிட்டியா?" உடனே பாயைப் போட்டுவிட்டாள். ஒரு டிகிரியில் என்ன ஆகிவிடும் என்று தேற்றிக்கொண்டாள். அப்புறம் வாரம் ஒரு முறை. அப்புறம் மூன்று நாளைக்கு ஒரு முறை.

மகளின் பிறந்தநாள் அன்று வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, பாயை அணைத்து, சுவர்க்குழாயையும் மூடிவிட்டுப் பெட்டி முன் உட்கார்ந்தாள். பத்தொன்பதில் குரல் வந்தது. பாயைப் போடக் கை போகவில்லை. பதினேழில் இன்னொரு வாக்கியம் வந்தது. பதினைந்தில் "பரக்கத் மாமாவக் கூப்பிடும்மா" என்றது. இறங்க இறங்கக் குரலில் பதற்றம் ஏறியது. பன்னிரண்டில், "என்னாச்சும்மா? உனக்கு ஒண்ணும் இல்லையே? நீ நல்லா இருந்தா போதும்மா" என்றது.

ஒரு வருடமாக அவள் காத்திருந்த சொற்கள். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துப் பெட்டியைப் பார்த்தபோது மிளகு எட்டுக் கால்களையும் உடம்புக்கடியில் மடக்கிச் சுருண்டு கிடந்தது.

பரக்கத்துல்லா ஓடிவந்தபோது அவள் பெட்டியை மார்போடு அணைத்துப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"பாயை முழுசாப் போடட்டுமாண்ணே?"

"வேணாம், திடீர்னு சுட்டா தாங்காது. உன் ஒடம்புச் சூடு போதும். அப்படியே இரு." அவர் எதிரில் உட்கார்ந்தார். "எப்படி இவ்வளவு எறங்குச்சு?"

அவள் மறைக்கவில்லை. குரலுக்காகப் பாயை அணைத்ததைச் சொன்னாள்.

"குரல் எவ்வளவு நேரத்துல வரும்?"

"ஒடனேண்ணே. பத்தொன்பதத் தொட்டதும்."

"மதி, பூமி இப்ப பதினாலு நிமிஷ தூரத்துல இருக்கு. ஒளியே அவ்வளவு நேரம் ஓடணும். இங்க குளிருற சேதி அங்க போக பதினாலு, அவ பேசினது இங்க வர பதினாலு. ஒடனே எப்படிம்மா வரும்?"

முனைப் பனியை உருக்கித் தண்ணீராக்கும் ஐஸ் ஆலையில் முப்பது வருடம் பொறியாளராக இருந்தவளுக்கு அந்தக் கூட்டல் தெரியாமலில்லை. அவள் அதைக் கூட்டிப் பார்க்க விரும்பியதில்லை, அவ்வளவுதான்.

"பேசினது பெட்டியா?" என்றாள்.

மாலைக்குள் மிளகு ஒரு காலை நீட்டியது. பிறகு இன்னொன்று. தண்ணீர்க் கிண்ணத்தருகே நகர்ந்து அசையாமல் நின்றது. பரக்கத்துல்லா எழுந்து போனதும் நிறைமதி நேராகச் செய்திக் கருவியின் முன் போய் நின்றாள். இத்தனை நாள் சேர்ந்திருந்ததெல்லாம் கோபமாக வந்தது. "பெத்தவகிட்டப் பேச ஒரு பெட்டிய வச்சிட்டுப் போயிட்டியாடி?" என்று தொடங்கி, செய்ததையெல்லாம் கொட்டினாள்.

நாற்பது நிமிடம் கழித்துப் பதில் வந்தது. இந்த முறை குரல் தடுமாறியது, மூக்கை உறிஞ்சியது, நடுவில் இருமியது.

"பதிஞ்சு வச்சிருக்கேன்னு அன்னிக்கே சொன்னேனேம்மா. நீதான் சிலந்தியப் பாத்து மூஞ்சத் திருப்பிக்கிட்டே. நான் பேசாம இருந்தேன்னு சொல்றியே, மொத மாசமெல்லாம் எவ்வளவு எழுதினேன்? கடல் பத்தி எழுதினாலும், காய்ச்சல்ல கெடக்கேன்னு எழுதினாலும், ஒரே வரிதான வந்துச்சு. 'நல்லா இருக்கேன். நல்லா படி.' இன்னிக்கு வரைக்கும் தெனமும் அதே வருது. கோவமா இருக்கேன்னு நெனச்சேம்மா. அதான் எழுதறத விட்டேன்."

நிறைமதிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு கருவியைத் திறந்து பார்த்தாள். மகள் பூமிக்குப் புறப்பட்ட அந்த வாரம் ஆலையில் இரட்டை ஷிப்ட். பிள்ளை பதிலுக்கு ஏங்கிவிடக் கூடாதே என்று, வரும் செய்திக்கெல்லாம் தானே பதில் போகும்படியும், தினமும் ஒரு வரி போகும்படியும், ஆளின் பழைய செய்திகளைப் பார்த்து எழுதும் 'பதிலி'யில் ஏற்பாடு செய்திருந்தாள். ஷிப்ட் முடிந்ததும் உட்கார்ந்து நீளமாக எழுத வேண்டும் என்றுதான் இருந்தாள். மறந்தே போயிருந்தாள். காய்ச்சல் பற்றிய செய்தியை அவள் படித்திருந்தாள், கவலைப்பட்டிருந்தாள். பதில் போய்விட்டது என்று கருவி சொன்னதும் நிம்மதியாகத் தூங்கியிருந்தாள்.

பதிலியை அணைத்தாள். கருவி இப்போது வெறுமனே அவள் குரலுக்காகக் காத்திருந்தது. மகளிடம் தன் வாயால் பேச வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இசை... நான் நல்லா இருக்கேன். நீ நல்லா..."

சட்டென்று நிறுத்தினாள். அந்த வரியை இயந்திரம் எங்கே கற்றது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

சொன்னதை அழித்தாள். பிறகு மறுபடி தொடங்கினாள்.

"இசை, எனக்கு இங்க ரொம்பக் குளிருதும்மா."