இறந்தவள் இப்போது ஆன்லைனில்

பின்பக்க இரும்புப் படிக்கட்டின் அடியில் அவள் கிடந்தாள்.

கழுத்து, திரும்பக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவர் வாட்ச்மேன். அவர் போட்ட கூச்சலில் லேபிள் ஒட்டும் பிரிவே திரண்டு வந்து நின்றது. யாரோ நாடி பிடித்துப் பார்த்தார்கள். யாரோ உதட்டைப் பிதுக்கினார்கள்.

அப்போதுதான் அத்தனை பேருடைய போனும் ஒன்றாக 'டிங்' என்றது.

கம்பெனி சாட். எல்லோரும் பார்க்கும் பொது அறை. புதுச் செய்தி.

'இனி என்னால் இயலாது. என் முடிவுக்கு எவரும் காரணமல்ல.'

அனுப்பியவர்...

கீழே கிடந்தவள்.

வாட்ச்மேன் போனைப் பார்த்தார். பிணத்தைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். இதற்கெல்லாம் சேர்த்தா எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது போல அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

*

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குக் கொலைகாரர்கள் மேல் பெரிய கோபம் கிடையாது. முட்டாள்கள் மேல்தான். அந்த வகையில் இந்தக் கம்பெனி அவருக்கு வாசலிலேயே பிடிக்காமல் போனது.

இருமல் மருந்து தயாரிக்கிற இடம். செத்துப்போனவள் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. அவள் சரி என்று சொல்லாமல் ஒரு பாட்டில்கூட வெளியே போகாது. அதனாலேயே அவளுக்கு அங்கே நண்பர்கள் குறைவு.

வரவேற்றவர் மாப்பிள்ளை.

முதலாளியின் ஒரே மகளைக் கட்டிக்கொண்டதைத் தவிர வேறு எந்தத் தகுதியும் தேவைப்படாமல் டைரக்டர் ஆனவர். கதவில் மட்டும்தான் டைரக்டர். வாட்ச்மேன் முதல் அக்கவுண்டன்ட் வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. முதலாளி வெளியூரில் இருப்பதாகவும், மத்தியானம் வந்துவிடுவார் என்றும் சொன்னார்.

"தற்கொலைதான் மேடம். அவங்களே எழுதியிருக்காங்களே."

"செத்துக் கிடக்கும்போது எழுதினாங்களா?"

மாப்பிள்ளை யோசித்தார். அவருக்கு அது சிரமமான வேலை என்பது முகத்தில் தெரிந்தது.

"நெட் ஸ்லோவா இருந்திருக்கும்."

இன்ஸ்பெக்டர் பக்கத்திலிருந்த ஏட்டைப் பார்த்தார். ஏட்டு கூரையைப் பார்த்தார்.

செத்தவளின் போன் கிடைத்தது. லேபுக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் இருந்த லாக்கரில் அது பத்திரமாகப் பூட்டிக் கிடந்தது. சாவி அவள் கோட்டுப் பையில். லேபில் இருந்த அவளுடைய கம்ப்யூட்டரையும் காலையிலிருந்து யாரும் தொடவில்லை.

ஆக, வேறு யாரோ அவளாக உள்ளே நுழைந்து எழுதியிருக்கிறார்கள். பிணத்தை அதற்குள் ஊரே பார்த்துவிட்டது என்று தெரியாமல் எழுதியிருக்கிறார்கள்.

"இந்தச் சாட்டை எல்லாம் யாரு பாத்துக்கறாங்க?"

"சாமி," என்றார் மாப்பிள்ளை.

*

அது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. ஒரு பாஸ்வேர்டு மாற்றித் தர வேண்டுமென்றால்கூட அவன் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். மனசு வைத்தால் வரம். இல்லையென்றால் நாளைக்கு வா. அதனால் சாமி.

சர்வர் அறையில் ஏசி விறைக்க வைத்தது. சாமி சுழல் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை.

"மேடத்துக்குப் புரியற மாதிரி சொல்றேன்..."

"உங்களுக்குப் புரிஞ்ச மாதிரி சொன்னா போதும்."

சாமி சொன்னான். சாட் வெளியாரிடம் வாடகைக்கு எடுத்தது இல்லை. இதோ, இந்தப் பெட்டியில், சொந்த சர்வரில் ஓடுகிறது. முன்பெல்லாம் அதற்குத் தனி பாஸ்வேர்டு. மாப்பிள்ளை ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு 'சிங்கிள் சைன்-ஆன்' என்ற வார்த்தையோடு திரும்பி வந்தார். காலையில் கம்பெனி கணக்கில் ஒருமுறை நுழைந்தால் போதும். மெயில், லீவு, சாட் எல்லாக் கதவும் தானாகத் திறக்கும். மாமனார் ஊரிலிருந்து திரும்புவதற்குள் அதைச் செய்து காட்டி நல்ல பேர் வாங்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார்.

அவசரத்தில் ஒரு செட்டிங் தப்பாக விழுந்துவிட்டது. சாட் ஆளை அடையாளம் பார்ப்பது வெறும் இமெயிலை வைத்து. அந்த இமெயிலையோ யார் வேண்டுமானாலும் தங்கள் ப்ரொஃபைல் பக்கத்தில் போய் மாற்றிக்கொள்ளலாம். நான் என் பக்கத்தில் உங்கள் இமெயிலைப் போட்டுக்கொண்டால், சாட் எனக்கு உங்கள் பேரைச் சொல்லி சல்யூட் அடிக்கும்.

"அதாவது வாசல்ல மூஞ்சியைப் பாக்காம, சட்டையில குத்தியிருக்கிற பேரை மட்டும் பாத்து உள்ள விடறீங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன். மாப்பிள்ளை கேக்கல."

சாமி குரலைத் தாழ்த்திக்கொண்டான். நேற்று மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் பெரிய சண்டை நடந்தது, லேப் முழுக்கக் கேட்டது என்றான். மேற்கொண்டு எதுவும் சொல்ல விரும்பவில்லை என்றும் சொன்னான். விரும்பாமலேயே இன்னும் நிறைய சொன்னான்.

*

செத்தவளின் அக்கா ஒரு பல் டாக்டர். க்ளினிக்கில் இருந்து வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். அழவில்லை. அழுகையை எங்கோ தள்ளிப்போட்டு வைத்திருந்தாள்.

போனில் வந்த அந்தச் செய்தியைக் காட்டினார்கள்.

"இயலாது... எவரும்... இதை எழுதினது என் தங்கச்சி இல்ல. அவ இப்படி ஒரு தமிழ் எழுதினதே கிடையாது. 'லேட்டாகும், பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துடு', அவ்வளவுதான் அவளுக்கு எழுத வரும்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மருந்தில் கலக்கும் இனிப்புத் திரவம் இந்த முறை மட்டமான சரக்கு. குழந்தைகள் குடித்தால் சிறுநீரகம் போய்விடும். தங்கை நிறுத்தி வைத்தாள். மாப்பிள்ளை அனுப்பியே தீருவேன் என்றார். அவள் முதலாளிக்கு மட்டும் சாட்டில் தனியாக எழுதினாள்: 'இதை என் பொண்ணுக்குக் குடுக்க மாட்டேன்.' முதலாளி அதை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குள் மாப்பிள்ளை லேபுக்கு வந்து, "உன் பொண்ணுக்குக் குடுக்க மாட்டியாமே?" என்று கத்தினார்.

அதே வார்த்தைகள்.

"அவ என்கிட்ட போன்ல சொன்னா, 'அக்கா, யாரோ நம்ம லெட்டரைப் பிரிச்சுப் படிக்கிறாங்க. யாருன்னு நாளைக்குக் கேட்டுடறேன்'னு. யார்கிட்ட கேக்கப் போறான்னு நான் கேக்கல." அவள் நிறுத்தினாள். "பாப்பாவுக்கு இன்னும் சொல்லல. ஸ்கூல் விட்டு வந்ததும் சொல்லணும். எப்படின்னு தெரியல."

இன்ஸ்பெக்டருக்கு அன்றைக்கு முதல்முறையாகக் கிண்டலாகச் சொல்ல எதுவும் தோன்றவில்லை. எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

*

பிறகு நேராக மாப்பிள்ளையின் அறைக்குப் போனார். சின்ன உதவி வேண்டும் என்றார். உங்கள் பக்கத்தில் உங்கள் இமெயிலை மாற்றிக் காட்டுங்கள்.

மாப்பிள்ளை கம்பீரமாக ஆரம்பித்தார்.

முதலில் ஸ்க்ரீன் கறுப்பானது. பிறகு எழுத்தெல்லாம் பூதாகரமாகப் பெரிதானது. பிறகு அவருடைய போட்டோ தலைகீழானது. அப்புறம் பிரின்டர் தானாக ஓட ஆரம்பித்தது. கடைசியில் கம்ப்யூட்டர் அவரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது.

"இது... சாமிதான் வழக்கமா செஞ்சு தருவான்."

வெளியே வந்ததும் ஏட்டு மெதுவாகக் கேட்டார். "நடிக்கிறாரோ மேடம்?"

"நடிக்கக் கொஞ்சம் மூளை வேணும்யா."

*

மத்தியானம் சைபர் பிரிவில் இருந்து ஒரு பெண் வந்தாள். பபிள்கம் மென்றுகொண்டே சர்வரைக் குடைந்தாள். இன்ஸ்பெக்டரின் காதில் எதையோ சொன்னாள். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

மாப்பிள்ளை, சாமி, இன்னும் நாலைந்து பெரிய தலைகள் எல்லோரையும் மீட்டிங் அறையில் கூட்டினார்கள். ஊரிலிருந்து நேராக வந்த முதலாளியும் ஒரு மூலையில் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார். வயசானவர்.

இன்ஸ்பெக்டர் சொன்னது இவ்வளவுதான். செத்துப்போனவள் சாட்டில் தனக்குத்தானே சில குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறாள் என்று அக்கா சொல்கிறார். தன்னை மிரட்டியது யார் என்று அதில் இருக்கலாம். பெரிய அதிகாரி ஒருவர் சாயங்காலம் வந்து திறப்பார். அதுவரை சாமியின் அட்மின் உரிமை எங்களிடம் இருக்கட்டும். சும்மா, வழக்கமான நடைமுறை.

சாமி தோளைக் குலுக்கிக்கொண்டு கொடுத்துவிட்டான்.

கூட்டம் கலைந்தது. மாப்பிள்ளையை மட்டும் இன்ஸ்பெக்டர் எதிரில் உட்கார வைத்து, இருமல் மருந்து எப்படித் தயாரிக்கிறார்கள் என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் விளக்கிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டரின் கண் மேஜை மேல் இருந்த லேப்டாப்பில் இருந்தது.

சாட்டில் எல்லோருடைய பேரும். இருப்பவர்களுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. இல்லாதவர்களுக்குச் சாம்பல்.

செத்தவளின் பேருக்குப் பக்கத்தில் சாம்பல்.

சாம்பல்...

சாம்பல்...

பச்சை!

மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்து இன்னும் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் கையில் போன்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். சர்வர் அறை காலி. சுழல் நாற்காலி மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தாழ்வாரக் கடைசியில் ஆண்கள் கழிப்பறை. உள்ளே குழாய் ஓடுகிற சத்தம். ஒரு கதவு மட்டும் தாழிட்டிருந்தது.

ஏட்டு தட்டினார்.

"ஆள் இருக்கு," என்றது உள்ளே ஒரு குரல்.

"எந்த ஆளு? உயிரோட இருக்கிற ஆளா, செத்துப்போன ஆளா?"

குழாய் நின்றது.

தாழ் விலகியது. கையில் போனோடு சாமி நின்றான். ஸ்க்ரீனில் செத்தவளின் பேர். இல்லாத குறிப்புகளைத் தேடித் தேடி அவன் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

*

மாப்பிள்ளையை அவர் அறைக்கு அனுப்பிவிட்டு, மீட்டிங் அறையில், முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, பபிள்கம் பெண் விளக்கினாள். இமெயில் மாற்றும் ஓட்டையை அவள் வந்ததுமே அடைத்துவிட்டாள். இனி அந்த வழியாக யாரும் வேறொருவராக நுழைய முடியாது. ஆனால் பழைய பாஸ்வேர்டு கதவு ஒன்று இன்னும் திறந்தே இருந்தது. சிங்கிள் சைன்-ஆன் வைத்த அன்றே மூட வேண்டியது. யார் கண்ணிலும் படாமல் மறைத்து, எல்லோர் பேருக்கும் தனக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தான், அதை அமைத்தவன். அவள் அதை மட்டும் வேண்டுமென்றே மூடாமல் விட்டாள்.

"இப்போ அந்த வழியா ஒருத்தர்தான் வந்தார். அட்மின் உரிமை கைவிட்டுப் போனதும் அவருக்கு வேற வழியில்ல," என்றாள்.

இன்ஸ்பெக்டர் சாமியிடம் திரும்பினார்.

"இமெயில் கதையை எதுக்கு அவ்வளவு ஆசையா சொன்னீங்கன்னு இப்போ புரியுது. சந்தேகம் எல்லார் மேலயும் விழணும். குறிப்பா ஒருத்தர் மேல."

சாமி வேர்த்த நெற்றியைத் துடைத்துக்கொண்டான். தான் இந்தக் கட்டடத்திலேயே புத்திசாலி என்று இத்தனை நாள் நம்பியிருந்தவன். கழிப்பறையில் பிடிபட்டதுதான் அவனை அதிகம் உறுத்தியது போலிருந்தது.

"அவ கேட்டா," என்றான் கடைசியில். "படிக்கட்டுல வழிமறிச்சு, 'என் மெசேஜை யார் படிக்கிறா, உனக்குத் தெரியாம நடக்காதே'ன்னு கேட்டா. ஆபீஸ் போன்ல முதலாளியைக் கூப்பிட்டுச் சொல்லப் போறேன்னு மேல ஏறினா. பிடிச்சு இழுத்தேன். தள்ளணும்னு நினைக்கல."

"அப்புறம் ஓடிப் போய் உக்காந்து, செந்தமிழ்ல ஒரு கடிதம் எழுதணும்னு மட்டும் நினைச்சீங்க."

வாசலருகே நின்றிருந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தள்ளிப்போட்டு வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. முதலாளிக்கு அவள் எழுதியதை நீங்கள் திருட்டுத்தனமாகப் படித்தது, அடுத்தவர் வாய்க்கு எப்படிப் போனது என்று கேட்டார். சாமி ஒருமுறை முதலாளியைப் பார்த்தான். பிறகு சொன்னான். தாழ்ந்த குரலில், நிறுத்தாமல், முழுவதையும். முதலாளி அசையாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் பெட்டியை மேஜையோரம் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து வெளியே போனார்.

*

சாமியைப் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி பரவியதும் மாப்பிள்ளை மீட்டிங் அறைக்குள் வந்தார். தலைசீவி, முகம் கழுவி, பவுடர் போட்டிருந்தார்.

அவன் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான் என்றார். கம்பெனியின் பேர் பேப்பரில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். காலையில் தன்னை இமெயில் மாற்றச் சொல்லிக் கேவலப்படுத்தியதற்கு ஒரு சின்ன வருத்தமாவது இன்ஸ்பெக்டர் தெரிவிக்கலாம் என்றும் பெருந்தன்மையாகச் சொன்னார்.

"தெரிவிக்கறேன். முதல்ல கையை நீட்டுங்க."

மாப்பிள்ளை, கை குலுக்கத்தான் என்று நினைத்து நீட்டினார்.

விலங்கு விழுந்தது.

"அந்தக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னது நீங்க. மாமனார் சொத்தை யாருக்கு எழுதப் போறார்னு அவரோட மெசேஜைத் தினமும் படிக்க. காலையில, அந்தப் பொண்ணு படியில நிக்கும்போது சாமி உங்களுக்கு போன் பண்ணினான். 'அவளை மேல போக விடாதே, என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்'னு சொன்னதும் நீங்க. அந்த நேரத்துல நீங்க ரெண்டு பேரும் பேசினதை போன் கம்பெனியும் உறுதி பண்ணிட்டாங்க. கெட்டுப்போன மருந்தை ஏத்தின லாரியையும் கேட்லயே நிறுத்தியாச்சு."

மாப்பிள்ளையின் பவுடர் கோடு கோடாக வழிந்தது. கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்பத்தைக் கையில் எடுத்தார்.

"நான்... நான் என் மாமனார்கிட்ட பேசணும். அவரைக் கூப்பிடுங்க."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார்.

"அவரை எதுக்குக் கூப்பிடணும்? நீங்க ஏறறதுக்காக, அதோ, எங்க ஜீப் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரே!"