கீழ்த்தளக் கட்டில்

மாதிரிக் கப்பல் அறையில் அந்த ஒரு கட்டிலுக்கு அடியில் மட்டும் தரை ஈரமாக இருந்தது. நாளை திறக்கப்போகும் கடலோடிகள் அருங்காட்சியகத்தில் தண்ணீர் என்று எதுவும் கிடையாது. அலைகள்கூட நீல விளக்கும் ஒலிபெருக்கியும்தான். வடிவமைத்த அவளுக்குத் தெரியாதா?

"இந்தப் பக்கம் குழாயே போகலை மேடம். துடைக்கத் துடைக்க வருது" என்றார் தச்சர்.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம் வரவில்லை. கணவன் வேலை பார்த்த கப்பல் மூழ்கிய செய்தி வந்தபோதும் இப்படித்தான், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டாள்.

"கடல்ல செத்தவங்க பேருக்கு ஒரு சுவரா? நாம கொண்டாடுறோம்மா, ஒப்பாரி வைக்கலை" என்று அருங்காட்சியக இயக்குநர் சொன்னதும் அந்தச் சுவரை மறுபேச்சில்லாமல் வரைபடத்திலிருந்து எடுத்தாள். கணவனுக்கென்று இருந்த ஒரே இடம் அது.

தச்சர் கிளம்பிப் போனார். போனில் மகள்.

"எப்பம்மா வருவே? தனியா இருக்க ஒரு மாதிரியா இருக்கு."

"இதோ, எல்லாத்தையும் அணைச்சிட்டு வந்துடறேன் கண்ணு."

மறுபடி கப்பல் அறைக்குள் போனாள். புதுப் பலகையும் வார்னிஷும் மணக்க வேண்டிய இடத்தில் எஞ்சின் எண்ணெயும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை அடித்தது. விடுப்பில் வந்து அவன் பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்கப் பரவுமே, அதே வாடை. கட்டில்களை அவன் அனுப்பிய போட்டோவைப் பார்த்துத்தான் வரைந்திருந்தாள். "இவ்வளவு குறுகலா? எனக்கு எங்கே இடம்?" என்று அன்று சீண்டியிருந்தாள். "நீ வா, தள்ளிப் படுத்துக்கறேன்" என்றான். இப்போது கட்டில்களை அடைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிய மாலுமிப் பொம்மைகள். எப்படியும் தெரியாது என்று அவற்றுக்கு முகம் செய்யச் சொல்லவில்லை.

ஒலிபெருக்கியை அணைத்தாள். அலைச் சத்தம் நிற்கவில்லை.

அலை இல்லை. மூச்சு.

ஈரக் கட்டிலருகே போனாள். பொம்மை அசைந்தது. திரும்பவில்லை. தூக்கத்தில் நகர்கிற மாதிரி, மெதுவாக, சுவரோரம் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடம். அதில் தண்ணீர் தேங்கி நின்றது.

பையில் போன் அடித்தது. மகளாகத்தான் இருக்கும்.

இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது. குனிந்து பார்த்தாள். செருப்பை எப்போது கழற்றினாள் என்று தெரியவில்லை. இரண்டும் கட்டிலடியில், ஈரத்தில், ஒழுங்காகச் சேர்ந்து கிடந்தன.