வடாலா வீட்டுக் குடித்தனம்

கேஸ் மீட்டர் நகரவே இல்லை.

மஸ்கட்டில் ஆபீஸ் கேன்டீனில் டீயை ஆறவிட்டுவிட்டு, ராஹில் மூன்று போட்டோக்களையும் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தான். ஜூன், ஆகஸ்ட், அக்டோபர். பம்பாய் வடாலா வீட்டு மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குடித்தனக்காரர்கள்தான் படமெடுத்து அனுப்பவேண்டும். தேதி தவறாமல் அனுப்பவும் செய்தார்கள். மூன்றிலும் ஒரே எண். அப்படியென்றால் நான்கு மாதமாக அந்த வீட்டில் யாரும் அடுப்பே பற்றவைக்கவில்லை.

அடுப்புக்காகத்தான் அவர்களைக் குடிவைத்ததே. வாப்பா நாகூர் கனிக்கு முழங்கால் போய்விட்டது. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, கட்டிலை விட்டு இறங்குவதே பெரும்பாடு. மஸ்கட்டுக்கு வாங்க என்றால், "பம்பாய் மண்ணுலதான் என்னய அடக்கணும்" என்று ஒரே பிடிவாதம். கடைசியில் ராஹில் ஒரு வழி கண்டுபிடித்தான். அதைப் பெரிய புத்திசாலித்தனமென்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியும் திரிந்தான். உள்ளறை வாப்பாவுக்கு, மற்றதெல்லாம் குடித்தனக்காரர்களுக்கு. வாடகை வேண்டாம், வாப்பாவுக்கு மூன்று வேளை ஹலாலாகச் சமைத்துப் போட்டால் போதும். ஜீஷான், சாயிரா என்று ஒரு ஜோடியைப் புரோக்கர் பிடித்துக் கொடுத்து, அக்ரிமென்டையும் அவனே முடித்துவிட்டான். ராஹில் அவர்களை நேரில் பார்த்ததில்லை. குரலைக்கூடக் கேட்டதில்லை.

கேட்கவிட்டால்தானே! போனை எடுக்கமாட்டார்கள். மெசேஜ் போட்டால் நீல டிக் விழும், பதில் வராது. இவனும் விடாமல் வாய்ஸ் மெசேஜாக அனுப்பித் தள்ளினான். முதலில் மரியாதையாக, பிறகு கோபமாக, பிறகு கெஞ்சலாக. ஒன்று விடாமல் கேட்டிருந்தார்கள்.

வாப்பாவுக்குப் போன் அடித்தால் உடனே எடுத்தார்.

"சாப்பிட்டீங்களா வாப்பா?"

"வயிறு நெறய."

"அடுப்பே பத்த வைக்கலையே. வெளியில வாங்குறாங்களா?"

"வயிறு நெறய," என்றார், அதே இழுப்பில்.

வாப்பாவின் எதிர்வீட்டு சீனியம்மாளைப் போனில் கூப்பிட்டான்.

"உங்க வாப்பாவுக்கு என்ன தம்பி, வாய் ஓயாம பேசுதாவ. அந்தப் புருசன் பொண்டாட்டிதான் ஊமைக் கோட்டான். காலைலகூட உங்க வாப்பா படியில நின்னு பால்காரன சத்தம் போட்டாவ."

"படியிலயா? பாத்தீங்களா?"

"பாக்கல. கொரல் எனக்குத் தெரியாதா?"

வாப்பா படி இறங்கி ஒன்றரை வருடமாகிறது. ராஹிலுக்குப் பயம் வந்தது. அதைவிட வெட்கம் வந்தது. பெற்றவரைக் கண்காணாத யாரிடமோ ஒப்படைத்துவிட்டு இத்தனை மாதம் போட்டோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். மனைவி ஜுவைரியாவையும் பிள்ளைகள் இரண்டையும் விட்டுவிட்டு, பம்பாயில் யாருக்கும் சொல்லாமல் அன்றிரவே விமானம் ஏறினான்.

மறுநாள் மதியம் மூன்று மணி. மாடிப்படியில் முதல் தளத்தில் பொம்பில் மீன் வறுபடும் வாசமும், இரண்டாவதில் யாரோ குக்கரை இறக்கிய ஆவியும், மூன்றாவதில் காயாத துணியின் ஈர நெடியும், எல்லாவற்றுக்கும் அடியில் ஹார்பர் லைன் ரயிலின் தடதடப்பும் அவனோடு கூடவே ஏறி வந்தன. நாலாவது தளத்தில் கால் வைத்ததும் வாசம், சத்தம் ஒன்றுமில்லை. சீனியம்மாள் வீடு பூட்டியிருந்தது.

சாவியை எடுத்தான்.

"தெறந்துதான் இருக்கு. வா ராஹில்."

வாப்பாவின் குரல். அவன் வருவது அவருக்கு எப்படித் தெரியும்?

ஹாலில் எல்லா ஜன்னலுக்கும் கனத்த திரை. பழகாத இருட்டில் மெல்ல இரண்டு உருவங்கள் தெரிந்தன. சுவரில் சாய்ந்து, தோளோடு தோள் ஒட்டி, ஓர் ஆணும் பெண்ணும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கன்னங்கள் பளபளத்தன. நன்றாகச் சாப்பிடுகிறவர்களின் கன்னம். ராஹில் ஸலாம் சொன்னான். அவன் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

உள்ளறைத் திரையை விலக்கினான்.

வாப்பா கட்டிலில் கிடந்தார். தோலும் எலும்பும். மகனைப் பார்த்ததும் வாய் திறந்தது. மூடியது. திறந்தது. சத்தம் வரவில்லை. கையால் காற்றைத் தள்ளினார். போ. போ.

"புள்ள எளச்சுப் போச்சே," என்றது வாப்பாவின் குரல். முதுகுக்குப் பின்னாலிருந்து.

திரும்பினான். சாயிராவின் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

"மஸ்கட்ல சாப்பாடு சரியில்ல போல," என்று ஜீஷான் முடித்தான். அதே குரல். அதே கோழை கட்டிய இருமல்.

ராஹில் கத்தினான். தொண்டை நரம்பு புடைத்தது. வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி கத்தினான். காற்று.

பையில் போன் அடித்தது. ஜுவைரியா. ஜீஷான் நிதானமாக எழுந்து வந்து போனை எடுத்துக்கொண்டான். தடுக்கக் கை எழவில்லை. அவன் அதை ஸ்பீக்கரில் போட்டு சாயிராவிடம் நீட்டினான்.

"வந்து சேந்துட்டேன் ஜுவைரியா," என்றாள் அவள். ராஹிலின் குரல். "வாப்பா நல்லா இருக்காங்க. புள்ளைங்களயும் கூட்டிட்டு நீயும் ஒரு எட்டு வாயேன்."

மறுமுனையில் பிள்ளைகள் இரண்டும் பம்பாய், பம்பாய் என்று சந்தோஷத்தில் கூச்சல் போட்டன.

சாயிரா கண்களை மூடி, தலையைச் சாய்த்து, கவனமாகக் கேட்டாள். பிறகு அந்தச் சின்னக் குரல்களோடு சேர்ந்து அவள் உதடுகள் மெல்ல, மிக மெல்ல அசையத் தொடங்கின.