சோளகத்துக்கு முன் வெட்டிய கொப்புகள்

ஏழு கொப்புகளும் கதவுப் பக்கம் சாய்ந்திருந்தன.

பாலேஸ்வரி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். செடி என்றால் வெளிச்சத்தைத் தேடித்தானே வளையும். இன்று காலைதான் அவளே ஜாம் போத்தல்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, இலைகளை யன்னலைப் பார்க்க வைத்திருந்தாள். இப்போது அவை யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் வருகிற வழியைப் பார்த்து நின்றன.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீடு அது. வைகாசி முடிவில் சோளகம் என்கிற தென்மேல் காற்று தொடங்கினால் உப்புக்காற்று பல்கனிச் செடிகளைக் கருக்கிவிடும். “இளங்கொப்பா வெட்டி உள்ளுக்குத் தண்ணியில வைச்சா வேர் விடும், மாமி. காத்து அடங்கினாப் பிறகு நடலாம்” என்று சொன்னவள் அருள்நாயகி. பாலேஸ்வரியின் இறந்துபோன கணவரின் ஒன்றுவிட்ட தங்கையின் மகள். கனடா விசாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த அறையில் மூன்று மாதம் இருந்தாள். பிகோனியாவும் ஜெரேனியமும் அவள் வைத்தவைதான்.

வீட்டில் தங்குபவர்களின் பெயரைப் பொலிஸில் பதிய வேண்டும் என்பது பாலேஸ்வரிக்குத் தெரியும். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். ஊரிலிருந்து வந்த பெட்டையின் பெயர் தன் பெயருக்குக் கீழே எழுத்தில் கிடந்தால் தான் வேலைசெய்யும் கந்தோரில் என்ன கதைப்பார்களோ என்ற பயம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சோதனைக்கு வந்த பொலிஸ்காரர்கள் படியில் வைத்தே அருள்நாயகியை மறித்தார்கள். கடையில் வாங்கிய பாணைக் கையில் வைத்திருந்தாள். திறந்திருந்த கதவைக் காட்டி, “இதுதான் என்ர மாமி வீடு” என்றாள். ஒருவன் கதவடியில் நின்ற பாலேஸ்வரியைப் பார்த்து, “மே கவுத?” என்று சிங்களத்தில் கேட்டான், இது யார் என்று.

“தன்னே நே,” என்றாள் பாலேஸ்வரி. தெரியாது.

அருள்நாயகி ஒருமுறைதான் “மாமி” என்றாள். பிறகு அவர்களோடு இறங்கிப் போனாள்.

அன்று பின்னேரமே பாலேஸ்வரி கத்தரிக்கோலை எடுத்து அந்தச் செடிகளில் ஏழு கொப்பு வெட்டி, அருள்நாயகியின் அறையில் போத்தல்களில் வைத்தாள். அதையாவது செய்தோம் என்று இருக்கட்டும் என நினைத்தாள்.

ஐந்து கிழமை போய்விட்டது. முன்வீட்டு டோரின் நேற்றுப் படியில் நிறுத்திக் கேட்டாள்.

“உங்கட பிள்ளையக் கன நாளாக் காணேல்ல. ஏதும் பிரச்சினையோ? எங்கட சேர்ச் ஃபாதருக்குப் பெரிய ஆக்களத் தெரியும். கேட்டுப் பாக்கட்டோ?”

“இல்ல. அவ ஊருக்குப் போயிட்டா.”

“பாதைதான் பூட்டியிருக்கே. இப்ப யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஓடுதோ?”

“ஓம். ஓடுதாம்.”

டோரின் அவளைப் பார்த்தாள். பாலேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, திறப்பை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள்.

இன்று ஞாயிறு, பின்னேரம் நான்கு மணி. மழை இருட்டு. ரயில் தண்டவாளத்துக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருக்க, யன்னல் கண்ணாடியில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்க, அறைக்குள் நிற்கிற காற்றில் முழுகிவிட்டு விரித்துப்போட்ட கூந்தலின் மணம், சீயாக்காயும் ஈரமும் கலந்து, மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டு வந்தது. போத்தல்களில் தண்ணீர் இல்லை. காலையில் கழுத்துவரை ஊற்றியவள் அவள்தான். இந்தக் கிழமை முழுவதும் இப்படித்தான், இரண்டு தரம் ஊற்றினாலும் அடியில் ஒரு விரல் அளவுகூட மிஞ்சுவதில்லை. ஆனால் இலையொன்றும் வாடவில்லை. எண்ணெய் பூசியதுபோல மினுங்கின.

எறிந்துவிட வேண்டும் என்று தோன்றியது. இந்த அறையைக் கழுவி, பூட்டி, மறந்துவிட வேண்டும்.

முதல் போத்தலைப் பிடித்துத் தூக்கினாள். வரவில்லை.

இழுத்தாள். எதுவோ பின்னாலிருந்து இழுத்தது. மெதுவாக, பிடித்த சேலைத் தலைப்பை விடாத குழந்தையைப் போல.

இலைகளை விலக்கினாள். போத்தல் வாயால் வேர் வெளியே வந்திருந்தது. நூல் நூலாக, வெள்ளையாக. மேசையின் பின்விளிம்பால் இறங்கி, சுவரோடு ஒட்டி, அருள்நாயகி படுத்த கட்டிலுக்குக் கீழே போயிருந்தது. ஏழு போத்தலிலிருந்தும்.

கட்டில் விரிப்பு நிலம்வரை தொங்கியது. அதன் ஓரம் நனைந்திருந்தது.

ஓடியிருக்கலாம். டோரினைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் என்ன சொல்வது? யாருடைய கட்டில் என்று சொல்வது?

முழங்காலில் இருந்தாள். விரிப்பைத் தூக்கினாள்.

பாதம்.

வேரால் பின்னிய பாதம். ஐந்து விரல். கணுக்கால். மடித்த முழங்கால். மார்போடு அணைத்த கை. சுவரோரமாக ஒரு பெண் ஒருக்களித்துக் கிடந்தாள். ஈரமாக. வெள்ளையாக.

முகம் மட்டும் முடியவில்லை. நெற்றி இருந்தது. மூடிய இமைகள் இருந்தன. வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குழி.

பெயரைச் சொல்ல முயன்றாள்.

சுவரிலிருந்து மெல்லிய வேர் ஒன்று நகர்ந்து வந்தது. கன்னத்தைக் கடந்தது. குழியின் ஓரத்தில் வளைந்தது. அவசரமில்லாமல், இழை இழையாக, கீழுதட்டைப் பின்னத் தொடங்கியது.

வேரால் பின்னிய தொண்டை, கூப்பிடப் போவதுபோல, ஒருமுறை ஏறி இறங்கியது.